மாப்பிள்ளை கொண்டுவந்த கறுப்பு பீர்

நான் பீர் குடித்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து. அப்போது வயது அறுபத்தெட்டு. குடித்ததில் எனக்கு அவ்வளவு கூச்சம் வரவில்லை. அன்றைக்குப் பேசினேன், அதில்தான் வந்தது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டியத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கல்யாணமாகிப் பாலக்கரைக்கு வந்த பிறகு ஒரு காபித்தூள் கடையின் பின்பக்கத்தில் கொட்டை பொறுக்கப் போனேன். அப்புறம் வறுக்க வைத்தார்கள். முப்பத்தொரு வருஷமாகிறது. வாங்க வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்தது. தினமும் காலையில் முதலாளி அன்றைய தூளில் இறக்கிய டிகாக்ஷனை ஒரு தம்ளரில் கொண்டுவந்து வைப்பார். நன்றாக இருந்தால் குடித்துவிடுவேன். இல்லாவிட்டால் ஒரு வாயோடு தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். அவருக்குப் புரிந்துவிடும். நல்லாயில்லை என்று வாயால் சொன்னதாக ஞாபகமே இல்லை.

மாப்பிள்ளைக்கு பெங்களூரில் பீர் காய்ச்சுகிற வேலை. உறவுக்காரர்களிடம் மால்ட் பானம் தயாரிக்கிற கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதில் பொய் இல்லை என்பாள் மகள். என் பெரிய நாத்தனார் தன் பேரனுக்கு உடம்பு தேற இரண்டு பாட்டில் வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. பதினாலு வருஷமாக மகள்தான் நடுவில். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கச் சொல்லு" என்பேன். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவர், "போதும்னு சொல்லு" என்பார். அவள் எதையும் திருப்பிச் சொல்லமாட்டாள். இருந்தாலும் அவள் அங்கே இருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மகளும் பேத்தியும் பெருமாளைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனார்கள். எனக்கு வரிசையில் மணிக்கணக்காக நிற்கக் கால் ஒத்துழைக்காது. மாப்பிள்ளை இடுப்பு வலி என்று தங்கிவிட்டார். நடுவில் ஆள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பதற்றத்தில் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

தேறுமா என்று ஒரு தம்ளர் காபி கலந்து மோந்து பார்த்தேன். தேறவில்லை. கொட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்து, தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். தடுப்பதென்றால் பேச வேண்டும். நான் பேசவில்லை. முழுசாகக் குடித்துவிட்டு, "காபி பிரமாதம்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மூக்கை வைத்துச் சம்பாதிக்கிற மனிதர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். அவர் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். பிறகுதான் டப்பா கண்ணில் பட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க அத்தை."

நான் டப்பாவை மூடினேன்.

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலேர்ந்து ஒரு மாசமா வாசனையே தெரியல. அவகிட்ட சொல்லல. வேலை செய்யற இடத்துலயும் சொல்லல."

எழுந்து போய்ப் பையிலிருந்து வேட்டியில் சுற்றிய இரண்டு பாட்டில்களை எடுத்து வந்தார். குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்தால் இடுப்பு வலி எதுவும் இல்லை. பாட்டில்களில் லேபிள் கிடையாது. ஒன்றின் கழுத்தில் வெள்ளை நூல், இன்னொன்றில் சிவப்பு நூல்.

"இம்பீரியல் ஸ்டவுட்னு பேரு. கெட்டியான கறுப்பு பீர். விஸ்கி ஊறின மரப் பீப்பாய்ல எட்டு மாசம் கிடந்துச்சு. ரெண்டே பீப்பாய்தான் போட்டோம், வெள்ளை நூல் ஒண்ணுலேர்ந்து, சிவப்பு நூல் இன்னொண்ணுலேர்ந்து. திரும்பப் போடுவோமான்னு தெரியாது. கடைசியில நீங்க ஆடியில வறுத்துக் குடுத்த காபிக்கொட்டை, பீப்பாய்க்கு ஒரு பாக்கெட். திங்கக்கிழமை நான் சரின்னா பாட்டில்ல அடைப்பாங்க, வேணாம்னா கொட்டுவாங்க. தெரியாம சரின்னு சொல்லிக் கெட்டது வெளில போச்சுன்னா என் வேலை போயிரும். மூக்கு போச்சுன்னு சொன்னாலும் போயிரும்."

நான் சுவரில் இருந்த பெருமாள் காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை.

"பீர் சைவம்தான் அத்தை" என்றார்.

டபராவும் தம்ளரும் எடுத்து வந்தேன். வெள்ளை நூலைத் திறந்து ஊற்றினார். நிறம் முதல் டிகாக்ஷன் மாதிரியே இருந்தது. அதனால் கை தன் பழக்கத்தில் தம்ளரை உயரத் தூக்கி ஆற்றிவிட்டது.

"ஐயோ அத்தை, ஆத்தக் கூடாது!"

பழுப்பு நுரை பொங்கி டபராவைத் தாண்டி, என் புடவையைத் தாண்டி, தரையில் பாலக்கரை மழைத்தண்ணி மாதிரி ஓடியது. எட்டு மாசம் கிடந்ததில் பாதி போய்விட்டது. மீதியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். இதைக் கண்ணாடிக் கிளாஸில் வாய் வைத்துச் சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டுமாம். பிறகு சொன்னார்.

முதலில் கசப்பு. அது எனக்குப் பழகியது. பிறகு பாகு முற்றிப்போன வெல்லம். பிறகு புது மர பீரோவைத் திறந்தால் வருகிற வாசனை. தொண்டையில் சுக்குக் கஷாயம் மாதிரி ஒரு சூடு. எல்லாம் இறங்கின பிறகு, கடைசியில் தனியாக என் காபி வந்தது. நான் வறுத்ததுதான், சந்தேகமில்லை. தம்ளரைக் காலி செய்தேன்.

சிவப்பு நூல் பாட்டிலை ஆற்றவில்லை. வெல்லம் வந்தது, மரம் வந்தது, சூடு வந்தது. கடைசியில் காபிக்குப் பதிலாகப் பச்சைக் குடைமிளகாயை நறுக்கின வாசனை வந்தது. தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மாப்பிள்ளை தம்ளரையும் என்னையும் பார்த்தார். "தள்ளி வச்சா? நல்லாயில்லைங்கிறீங்களா?"

தலையாட்டினேன்.

"பீப்பாய் குடுத்தவன் ஏமாத்திட்டான். அப்பவே நினைச்சேன். இப்பவே அவனை ஒரு வழி பண்றேன்" என்று போனை எடுத்தார்.

எனக்கு அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு எல்லோரும் காவிரிக்கு அம்மா மண்டபம் போய்விட்டார்கள். எனக்கும் போக ஆசை. இரண்டாவது பாக்கெட்டுக்கான கொட்டையை நிறம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் அப்படிச் செய்தது இல்லை. சும்மா இருந்தால், முகம் தெரியாத ஒரு பீப்பாய்க்காரர் திட்டு வாங்குவார். என் கை சுத்தமாக இருக்கும். இதைத் தம்ளரைத் தள்ளி வைத்துச் சொல்ல முடியாது, வாயைத் திறந்தாக வேண்டும்.

"பீப்பாய் மேல தப்பு இல்லீங்க மாப்பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "பச்சைக் குடமிளகாய் வாசம் அடிக்குது. கொட்டைதான் காரணம். ஆத்துக்குப் போற அவசரத்துல முந்தியே இறக்கிட்டேன். பச்சை போகல."

அவர் போனைக் கீழே வைத்தார். "குடமிளகாயா? காபி போட்ட பீர்ல நாங்க பயப்படுறதே அந்த வாசனைக்குத்தான்." சிவப்பு நூல் பாட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அத்தை" என்றார்.

"நீங்களுந்தான் ஒரு மாசமா சொல்லாம இருக்கீங்க."

பதினாலு வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கே பேசி முடித்த மாதிரி இருந்தது. தரையைத் துடைத்தேன். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கோயில் துளசியும் லட்டும் கையுமாகப் பேத்தியோடு படியேறி வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா இது? தீஞ்ச பாலும் சாராயமுமா வீடே நாறுது! புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமா!"

நான் வழக்கம்போல் அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு நாறல" என்றார் மாப்பிள்ளை. "ஒரு மாசமா எதுவுமே நாறல."

"கிண்டலா?"

"இல்லம்மா. அத்தையைக் கேளு, அவங்களுக்குத் தெரியும்."

"அம்மாவா? அம்மாகிட்ட நீங்க பேசினீங்களா?"

அவளுக்கு அதுதான் பெரிய செய்தியாக இருந்தது. மூக்கு விஷயம் புரிந்து அவள் அழ ஆரம்பிக்க இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது.

திங்கட்கிழமை அவர் தன் முதலாளியிடம் இரண்டையும் சொன்னார், மூக்கையும் குடைமிளகாயையும். சிவப்பு நூல் பீப்பாயைச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். வெள்ளை நூல் பீப்பாயில் இருந்தது பாட்டில்களில் ஏறியது. வேலை போகவில்லை. மூக்கு திரும்பும்வரை ருசி பார்ப்பதை வேறொருவர் பார்க்கட்டும், நீங்கள் பீர் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் நில்லுங்கள் என்றாராம் முதலாளி. நானும் என் முதலாளியிடம் ஆடிப்பெருக்கு விஷயத்தைச் சொன்னேன். நான் பேசியதில் அவர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்தார். மகள் நடுவில் இருந்தாள், வழக்கம்போல அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் பால் அடிப்பிடித்துவிட்டது. தற்செயலாக நடந்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதிலேயே காபி கலந்து கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வாய் குடித்தார். தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

நான் வேறு பால் வைக்கப் போனேன்.