வரிசை மாறிய குவார்ட்டர்ஸ் பட்டியல்

எண்பதுகளின் கடைசியில், எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்பவர்களின் ஊழியர் எண்கள் சீனியாரிட்டிப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு நாலு தாள் பிடித்தன. அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் அரே என்ற ஓர் அடுக்கில் போட்டு, நடுவே கமா வைத்து ஒரே சரமாகக் கோத்துத் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். நாலைந்து எண்களைக் கொடுத்துப் பார்த்தேன், அழகாக வந்தது. முழுப் பட்டியலையும் ஓட்டி அச்செடுத்து, அன்று மாலையே நோட்டீஸ் போர்டில் குத்தினேன்.

மறுநாள் காலை எங்கள் அட்டெண்டர் என் மேசையருகே வந்து நின்றார். கான்ட்ராக்டில் பல வருஷம் உழைத்து பெர்மனென்ட் ஆனவர். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருவார். என் டிபன் டப்பாவைப் பார்த்தே எங்கள் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவார். அப்போது காலியாக இருந்தது ஒரே வீடுதான். பட்டியலில் முதல் எண் அவருடையது; முந்தின நாள் வீட்டுக்குப் போகும்போதே பார்த்துவிட்டாராம்.

தனக்கு முன்னால் பதிமூன்று பேர் இருக்க வேண்டுமே என்றார். மெஷின் தப்புப் பண்ணாது என்று எரிந்து விழுந்தேன்.

"அப்ப வூட்ல சொல்லிடட்டுங்களா மேடம்?"

அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பது உறைத்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்கிரிப்டைத் திறந்தேன். அரேயில் உள்ள ஒவ்வொன்றையும் எடு என்று எழுதியிருந்தேன். அப்படிச் சொன்னால் நாம் போட்ட வரிசையில் எடுக்காது, தன் இஷ்டத்துக்கு எடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நாலைந்து எண்களில் அந்தக் குட்டு வெளிப்படவில்லை. திருத்தி ஓட்டினேன். அவர் சொன்னபடியே பதினாலாவது இடத்துக்கு இறங்கினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டு, போர்டிலிருந்த பழைய தாளைக் கிழியாமல் கழற்றி, புதியதை அவரே குத்தினார். அந்த மனுஷர்மேல் எனக்கு அன்று வந்த பிரியம் கடைசிவரை குறையவில்லை.

"காலைல அந்த வூட்ட பாத்துகினுதாங்க வந்தேன்" என்றார். "பூட்டியிருந்துச்சு. ஜன்னல் வழியா பாத்தேன். சமையக்கட்டுக்குள்ளயே கொழா இருக்குதுங்க மேடம். எம் பொண்டாட்டி கொடம் தூக்க வேணாம்."