பதினேழு காலிப் பக்கங்கள்

அறுபத்து நான்கு வயதில் பொருளாதாரப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டுக்கு வந்தேன். அந்த ஆண்டு முழுவதும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்க்க வேண்டும். மலேசியாவில், பினாங்கு துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது.

செய்த வேலையை வாரம் ஒரு பக்கம் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐம்பத்திரண்டு பக்கங்களில் பாதி காலியாக இருந்தாலும் பட்டம் கிடையாது. இடையில் விலகினாலும் கிடையாது.

எனக்கோ யாரும் வேலையே தரவில்லை.

"அங்கிள், நீங்க உக்காருங்க. நாங்க பாத்துக்கிறோம் லா" என்பார்கள், அந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வைச் சேர்த்து. தேநீர்கூட மேசைக்கே வந்துவிடும். அறைக்கு ஜன்னல் இல்லை. கூரையில் தொண்ணூற்றாறு சதுரங்கள். அவற்றை எண்ணியபடி பதினேழு வாரங்கள் அடைபட்டுக் கிடந்தேன்.

பதினெட்டாவது வாரம், என் மேற்பார்வையாளரான இருபத்தாறு வயது கவிதாவிடம் வெடித்துவிட்டேன்.

"ஏம்மா, நான் என்ன இங்க அலமாரியா?"

அவள் தயங்கினாள். "முதல் நாள் உங்கள போட்டோகாப்பி எடுக்கச் சொன்னேன். 'உங்கப்பாகிட்ட இப்படித்தான் வேலை சொல்வியா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க, அங்கிள். அப்புறம் யாருக்கு லா தைரியம் வரும்?"

வேடிக்கையாகச் சொன்னதாகவே நினைத்திருந்தேன். உண்மையில், மகள் வயதுப் பெண் ஏவியதை என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதாம்மா. இப்ப குடு."

நாற்பது பக்கங்கள் கொடுத்தாள். நகலெடுத்துக் கொண்டுபோனேன்.

"என்ன அங்கிள், மூணு பக்கம் கோணலா இருக்கு? மறுபடி எடுங்க."

எடுத்தேன். அந்த வாரம்தான் குறிப்பேட்டில் முதல் கையெழுத்து விழுந்தது.

என் வீட்டிலும் யாரும் என்னிடம் குறை சொல்லிப் பல வருடங்களாகிவிட்டன. அதை மரியாதை என்றே கணக்கு வைத்திருந்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.