பதினொரு நிமிஷம் முந்திய கம்ப்யூட்டர்

பேய் பிசாசு என்று யார் பேச்செடுத்தாலும் நான் முதலில் கேட்பது, வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் லைன் வீடுகளில் ஒரு வீட்டு ஃபேன் தானாகச் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது என்று பூசாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் வருவதற்குள் நான் ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரு ஒயர் லூசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூசாரி வந்து சாயா குடித்துவிட்டுப் போனார். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள், நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை, எங்கே கையெழுத்து என்றாலும் கட்டைவிரல்தான். அம்மா மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள். நான் பிளஸ் டூ முடித்து, ஒரு வருஷம் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் டிப்ளமோவும் முடித்தேன். ஊர் மலையாள ஊர், படித்தது முழுக்க மலையாளத்தில். தமிழை மட்டும் பலசரக்குக் கடையில் சாமான் கட்டித்தரும் தமிழ்ப் பத்திரிகைத் தாள்களை எழுத்துக்கூட்டி நானாகவே கற்றுக்கொண்டேன். இதையெல்லாம் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மட்டாஞ்சேரியில் பாபு சேட்டன் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் அப்போது எனக்கு வேலை. டிப்ளமோ படித்த என்னை அவர் உட்கார வைத்திருந்தது டைப்பிங் மேஜையில். கல்யாணப் பத்திரிகை அடிப்பேன், விண்ணப்பம் அடிப்பேன், மெஷினைத் திறந்து பார்க்கும் சர்வீஸ் பெஞ்ச் பக்கமே விடமாட்டார். அந்த வருஷக் கடைசியில், ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் நின்றுபோகும் என்று ஒரு பயம் கிளம்பியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி கம்பெனியாகப் பரிசோதனைக்குக் கூப்பிட்டதில் பாபு சேட்டன் எறணாகுளமே கதி என்று கிடந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கொச்சங்காடிக் கிடங்கிலிருந்து, ஆறு மாசமாக மூடிக்கிடந்த ஒரு பழைய மெஷின் உயிர் வரமாட்டேன் என்கிறது என்று ஃபோன் வந்தது. என் அம்மா வேலை செய்யும் அதே கிடங்கு.

“தனியா போய் ஓட வெச்சிட்டு வா,” என்றார் பாபு சேட்டன். “ஓடிச்செங்கில் சர்வீஸ் பெஞ்ச் உனக்கு. இல்லெங்கில் திங்களாழ்ச்ச வேற ஆள் வரும், நீ டைப்பிங்கில்தன்னெ இரி.”

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஸ்க்ரூடிரைவர் பையோடு போனேன். அந்தக் கிடங்கில் பெண்கள் பின்வாசல் வழியாக வருவதுதான் வழக்கம், அன்றைக்கு நான் முன்வாசல் வழியாக ஆபீசுக்குள் நுழைந்தேன். ஆபீசுக்கும் தரம் பிரிக்கும் இடத்துக்கும் நடுவில் இடுப்பளவு மரத்தடுப்புதான். அந்தப் பக்கம் சுக்குக் குவியலைச் சுற்றி பதினைந்து பேர், நடுவில் அம்மா, எல்லாக் கண்ணும் என் மேல்.

“செல்லம்மா, உம் மக ஆபரேசன் பண்ண வந்துட்டா பாரு,” என்று ஒரு அக்கா சொன்னாள்.

“கத்தியக் காணோமே, திருப்புளிதான் வெச்சிருக்கா,” என்றாள் இன்னொருத்தி.

அம்மா தலை நிமிராமல் சுக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “கைய வெக்கிறதுக்கு முன்ன பிளக்க புடுங்கிக்கடி கலா.”

கிளார்க் ஸ்டெல்லா சேச்சி அங்கே புதிது. அவருக்கு முன்னால் இருபது வருஷம் கணக்கராக இருந்தவர் வாசுதேவன் சார். அவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த மெஷினை யாரும் தொடவில்லை. வெளிநாட்டு வியாபாரிகளின் முகவரியும் கடிதங்களும் முழுக்க அதற்குள்தான் இருந்தன.

மெஷினைத் திறந்தேன். பலகையின் ஓரத்தில் குட்டி பீப்பாய் மாதிரி ஒரு நீல பேட்டரி, அது கசிந்து சுற்றிலும் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. இந்த பேட்டரி எதற்கென்று சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மணி, தேதி, சில எண்கள், இவற்றை மெஷின் மறக்காமல் வைத்திருப்பது இதன் தயவில்தான். அந்தக் காலத்து மெஷினுக்குத் தன் ஹார்ட் டிஸ்கையே தானாக அடையாளம் தெரியாது. இத்தனை சிலிண்டர், இத்தனை ஹெட், இத்தனை செக்டர் என்று மூன்று எண்களை நாம் சொல்ல வேண்டும். அந்த எண் போனால் டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் முதலில் அந்த எண்கள் தெரியும் திரையை வரவழைத்து, எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும், இது முதல் வாரப் பாடம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, பதினைந்து பேர் பார்க்கிறார்களே என்ற ஜோரில் கட்டிங் பிளையரை எடுத்து நறுக்கென்று பேட்டரியை வெட்டி, பெரிய டாக்டர் மாதிரி தூக்கிக் காட்டினேன்.

“கட்டிய எடுத்துட்டா,” என்றாள் முதலில் பேசிய அக்கா.

எண்ணை எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்குமே என்று புரட்டினேன், ஈரம் பட்டு அது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. என் பெஞ்ச் போயிற்று, அதுவும் அம்மாவின் கண்ணெதிரே. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பாசியைச் சுரண்டினேன், மெமரி தகடுகளைக் கழற்றி ஸ்டெல்லா சேச்சியின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன், ஆறு மாசத் தூசி கிளம்பியது, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

திரை வந்தது. பேட்டரி இல்லாத மெஷின் அங்கேயே நின்று, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று ஆங்கிலத்தில் புலம்ப வேண்டும். இது புலம்பவில்லை. நேராக டிஸ்கைப் படித்து, வாசு சாரின் கடிதப் பட்டியலை வரிசையாகக் காட்டியது. ஸ்டெல்லா சேச்சி சிலுவை போட்டுக்கொண்டார். நான் எதையும் யோசிக்கவில்லை, சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள், ஆனால் கால் தூசியாக இருக்கிறது என்று தடுப்பைத் தாண்டி வரவில்லை. நான் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, மணி பார்க்கத் தெரியும். திரையின் மூலையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏண்டி, செவுத்துல ரெண்டே முக்காலு. உன் மிசின்ல ரெண்டு அம்பத்தாறு காட்டுது. சரியாத்தான் பண்ணியா?”

அடுத்தது சுக்குக் குவியலிலிருந்து ஒரு குரல்: “அது வாசு சாரோட போட்டு மணில்லா.”

விஷயம் இதுதான். வாசு சார் தினமும் அஞ்சு மணி போட்டை, படகைத்தான் சொல்கிறேன், பிடித்து எறணாகுளம் போய், அங்கிருந்து திருப்பூணித்துறைக்கு பஸ் ஏறுகிறவர். கம்ப்யூட்டரில் அஞ்சு ஆனதும் எழுந்துவிடுவார், படகுத்துறை ஜெட்டிக்குப் போய்ச் சேரும்போது நிஜ அஞ்சு. பின்னால் ஒருநாள் நானே வாட்ச் கட்டிக்கொண்டு கிடங்கிலிருந்து ஜெட்டிக்கு நடந்து பார்த்தேன், பதினொரு நிமிஷம். சார் தெரிந்துதான் மெஷினை அப்படி முந்தி வைத்திருக்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மணி முந்தியோ பிந்தியோ போகட்டும், அந்த மெஷினில் மணியே இருக்கக் கூடாதே. ஆறு மாசமாக பிளக் இல்லை. இருந்த பேட்டரியும் வெட்டப்பட்டு என் பக்கத்தில் மேஜை மேல் கிடக்கிறது.

எண்களை எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்தேன், கரண்ட் போய்விட்டது.

“உம் மக கொச்சங்காடிக்கே ஃபியூஸ் புடுங்கிட்டா செல்லம்மா,” என்றாள் அந்த அக்கா, அவளுக்கு வாய் சும்மாவே இருக்காது. எப்படியோ பிழைத்திருந்த எண்ணும் இப்போது போயிருக்கும், எழுத ஒரு நிமிஷம் கிடைத்தும் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அம்மா எங்கிருந்தோ ஒரு கிளாஸ் சாயா வாங்கி வந்து தடுப்பின் மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

கரண்ட் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சுவரில் நாலு. சுவிட்சைப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், நாலு பதினொன்று. டிஸ்க் எண்கள் மூன்றும் அப்படியே இருந்தன. முதல் வேலையாக எழுதிக்கொண்டேன். ஸ்டெல்லா சேச்சி ஒரு கடிதத்தை பிரிண்டருக்கு அனுப்பினார், அது கறகறவென்று அடித்துத் தள்ள, சுக்குக் குவியலைச் சுற்றி ஒரு கைதட்டல். அம்மா மட்டும் தட்டவில்லை, “வேலையப் பாருங்கடி, எம் மக வேல முடிஞ்சிருச்சு,” என்றாள்.

மறுநாள் புது பேட்டரி வாங்கிப் போய் மாட்டினேன். மாட்டியவுடன்தான் அது எல்லா மெஷினையும் போல நடந்துகொண்டது. ஞாபகமில்லை என்ற புலம்பல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி ஒன்று என்று தேதி. திரையில் வந்ததை ஒரு வரி விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டு, முதல் நாள் எழுதிய எண்களைக் கொடுத்து, சுவர் மணியைப் பார்த்து மணி வைத்தேன். அதற்கப்புறம் அது ஒரு நிமிஷம்கூட முந்தவில்லை.

பாபு சேட்டனிடம் சொன்னேன். “கப்பாசிட்டரில் சார்ஜ் நின்னிருக்கும்,” என்றார்.

“ஆறு மாசமா சேட்டா?”

அவர் சர்வீஸ் பெஞ்சைக் கை காட்டினார். “நீ போய் பெஞ்சில் இரி.”

இதோடு முடிந்திருந்தால் நானும் கப்பாசிட்டர் என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஐந்தாறு வருஷம் கழித்து, சொந்தமாகக் கடை போட்ட பிறகு, திருப்பூணித்துறையிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. போய்ப் பார்த்தால் வாசு சார். மகள் துபாயில், அவளோடு பேச ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார், சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் ஒயரை மைக் துளையில் செருகியிருந்தார். மாற்றிச் செருகிவிட்டு சிரித்தபடி இந்தக் கதையைச் சொன்னேன், நீங்கள் முந்தி வைத்த பதினொரு நிமிஷத்தை உங்கள் மெஷின் மறக்கவே இல்லை சார் என்று. சார் மலையாளிதான், கிடங்குப் பெண்களோடு பேசிப் பழகிய தமிழ்.

“நானா? நான் எங்க வெச்சேன்,” என்றார். “முதல் ஒரு வருஷம் தினம் அத சரியாக்குவேன். காலைல வந்து பார்த்தா பின்னயும் பதினொண்ணு முந்தி நிக்கும். மடுத்து, சலிச்சுப்போயி விட்டுட்டேன். ஆனா மோளே, அப்புறம் ஒரு நாளும் எனக்கு போட்டு தவறிப் போகலே.”

சாயா குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். “பேட்டரி மாட்டினப்போ எல்லாம் மறந்துச்சுன்னு சொன்னியே. மணி எத்ரயா காட்டிச்சு?”

“எல்லாம் சைபர் சார். எந்த மெஷினும் அங்கிருந்துதான் தொடங்கும்.”

“நல்லா நோக்கினியா?”

பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் பழைய பெட்டியைக் கிளறி அந்த நோட்டை எடுத்தேன். சுவிட்ச் போட்டு பத்து விநாடிக்குள் எழுதியது, என் கையெழுத்துதான், ஒன்றுக்கு மேலே சின்னக் கொக்கி போடுவது என் வழக்கம், அதுவும் இருந்தது.

1-1-1980. 00:11.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ மெஷின் திறந்திருக்கிறேன், எல்லாம் சைபரில்தான் பிறக்கும். இது மட்டும், காலம் தொடங்கும் இடத்திலேயே, போட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தது.