தராசில் குறைந்த நாலு கிலோ

என் தம்பிக்கு மனநோய். காதில் யாரோ பேசுவதாகச் சொல்வான். மாத்திரை ஆரம்பித்த பிறகு அந்தக் குரல்கள் அடங்கின, ஆனால் பசி அடங்கவில்லை. ஒரே வருஷத்தில் எந்தச் சட்டையும் அவனுக்குப் பற்றவில்லை.

நான் எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போடுகிறவள். சனிக்கிழமை மூட்டைகளெல்லாம் முடிந்ததும் அவனையும் அதே தராசில் ஏற்றுவேன். பழம் பறிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து, "வாயைக் கட்டு கண்ணு" என்பேன்.

ரெண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுக்க ஒண்டிக்கடை பஜாருக்குக் கூட்டிப்போனேன். துணிக்கடையில் அவன் என் காதோரம் குனிந்தான்.

"மெதுவாப் பேசுக்கா. அவங்க கேக்கறாங்க."

கடையில் எங்களைத் தவிர யாருமில்லை.

"மாத்திரை போடறியா சாமி?"

"நிறுத்திட்டேன். நீதானே எளைக்கச் சொன்னே? நொம்ப எளைச்சுட்டேனாக்கா?"

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. "எடை ஏறுனா எங்ககிட்டச் சொல்லுங்க, வேற மாத்திரை பாக்கலாம். நீங்களா நிறுத்தக் கூடாதுங்க" என்றார்.

இப்போது மாத்திரை மாறியிருக்கிறது. தினமும் காலையில் கரடியூர் ரோட்டில் ரெண்டு பேரும் நடக்கிறோம். போன சனிக்கிழமை யாருமில்லாத நேரத்தில் அவனே தராசில் ஏறி, "எத்தனைக்கா?" என்றான். எடை ஏறியிருந்தால் கவலை, இறங்கியிருந்தால் பயம். எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.