கேட்டைத் தாண்டாத எஞ்சின்

திருவொற்றியூரில் ஓர் ஆலை. அதில் குட்டி எஞ்சின் ஓட்டியவர் தண்டபாணி. ஆலைக்குள் தொடங்கும் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டி, பெரிய ரயில் பாதை ஓரத்தில் முடியும். ஒரே நேர்க்கோடு. போவார், திரும்புவார்.

அதிக மைல் ஓட்டுகிறவனே கெட்டிக்காரன் என்பது மேனேஜர் கண்ட விஞ்ஞானம். ஆகவே சரக்கில்லாத நாளிலும் காலி வேகன்கள் உருண்டன.

"டெல்லிக்குப் போய்ட்டு வந்த மைலு ஓட்டிகீறேன்," என்பார் தண்டபாணி.

"காலைல நின்ன எடத்துலயேதான் சாயங்காலமும் நிக்கிற. இன்னா டெல்லி?" என்பாள் மனைவி மங்கை.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று பெயர். வீட்டில் சண்டை என்று பெயர்.

1969 ஐப்பசியில் மங்கைக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள் மருத்துவச்சி. தண்டபாணி வேலையில் இருந்தார். தங்கை குணசுந்தரி அக்காவை ரிக்‌ஷாவில் ஏற்றினாள். வழியில், ஆலைத் தண்டவாளம் சாலையை வெட்டும் இடத்தில், கேட் மூடியிருந்தது.

"தொறய்யா! அக்கா துடிச்சிகினு கீது!"

"வண்டி போவுது பாரு. இதோ தாண்டிடும், குந்தும்மா," என்றார் கேட்காரர் வேதமாணிக்கம்.

தாண்டவில்லை. எஞ்சின் ஆலைச் சுவருக்குள். சாலைமேல் காலி வேகன்கள் மட்டும். போயின, நின்றன, திரும்பின. நல்ல வேகம்தான். வேகத்துக்கு எவ்வளவு என்று சொன்னால் போதும். எந்தப் பக்கம் என்றும் சொன்னால்தான் திசைவேகம். அதை அந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை.

ரிக்‌ஷாவின் தகரத்தில் ரத்தம் சொட்டியது. குணசுந்தரி தண்டவாளத்தோடு உள்ளே ஓடினாள். மைத்துனியைக் கண்ட தண்டபாணி குஷியாக விசில் ஊதினார்.

"நிறுத்து மாமா! கேட்டாண்ட அக்கா சாவுது!"

வேகன்களைச் சாலையைவிட்டு இழுத்து நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினார். அந்தக் கோட்டில் அவர் திரும்பாமல் ஒரே பக்கமாகப் போனது அன்று ஒருநாள்தான். கேட் திறந்தது. ஆஸ்பத்திரியில் தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், சரக்கில்லாவிட்டால் எஞ்சினைச் சுவருக்குள் நிறுத்தி உட்கார்ந்துகொண்டார். கேட் திறந்தே கிடந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா, உன் மைல் இப்படி விழுந்துடுச்சு?"

"ஓட்ன மைலெல்லாம் எங்க சார் போச்சு?"

மறுவாரமே எஞ்சினுக்கு வேறு டிரைவர் வந்தார். துடிப்பான ஆள். கேட் மறுபடி மூடியது.