பாய் புஞ்சையை அளக்கப் போனோம்: விளாங்குடியிலிருந்து திருமங்கலம் கரிசல்வரை

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை, நானும் என் கணவர் சலீமும் ஒரு நிலத்தைப் பார்க்கக் கிளம்பினோம். நிலம் என்னுடையதுதான். ஆனால் நாற்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் கால் வைத்தேன். பெற்றோர் வழியாக வந்த நிலத்தை அளக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லைத் தகராறு சம்பந்தப்பட்டது என்பதால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

என் அத்தா, அதாவது அப்பா, பருத்தி வியாபாரம் செய்த காலத்தில் அங்கே எண்பது சென்ட் கரிசல் புஞ்சை வாங்கி, ஒரு கிணறும் வெட்டினார். அவர் மௌத்தான பிறகு, பழங்காநத்தத்துக் கடை தம்பிக்கு, புஞ்சை எனக்கு என்று பேசி முடித்தோம். கடையில் வாடகை வருகிறது. புஞ்சையில் சீமைக்கருவேலம்தான் வருகிறது. வெளியே சொல்லாவிட்டாலும் எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. போன வருடக் கடைசியில் ஒரு புரோக்கர், "கெணத்தோட இருந்தா உடனே பார்ட்டி ரெடி. எல்லைக்கல்ல மட்டும் ஊனிக் குடுங்க" என்றார். இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினோம். சர்வேயர் வரும் தேதி வந்தது. பக்கத்து நிலக்காரருக்கு நோட்டீஸும் போனது.

விளாங்குடியில் காலை 6.40-க்கு டவுன் பஸ். ஏழு கிலோமீட்டர்தான், பெரியார் நிலையத்துக்கு வர 7.15 ஆனது. அங்கிருந்து திருமங்கலம் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இரண்டு பஸ்ஸிலும் எனக்கு மகளிர் இலவசம். டிக்கெட்டுக்குக் காசெடுக்கும் சலீமின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அடிக்கடி பயணம் போவேன். திருமங்கலத்தில் இட்லி, வடை, காபி சேர்த்து இருவருக்கும் நூற்றிப்பத்து ரூபாய். 9.10-க்கு மினிபஸ், ஆளுக்குப் பதினைந்து ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர். மடியில் பத்திர ஃபைலை வைத்துக்கொண்டு சலீம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். அவர் கணக்கு வாத்தியார். பக்கத்து நிலக்காரர் சண்டைக்கு வந்தால் எந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவது என்று காகிதங்களில் வரிசை எண் போட்டிருந்தார்.

நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. மார்கழி மழையின் ஈரம் இன்னும் காயாததால் கரிசல் மண் செருப்பில் அப்பி, பத்தடிக்கு ஒருமுறை எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது. வழியில் மாடு பிடித்து வந்த ஒருவரிடம் சர்வே எண்ணைச் சொல்லி வழி கேட்டேன். அவர் விழித்தார். சலீமின் தொப்பியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பாய் புஞ்சைக்கா? நேராப் போங்க. பேச்சியம்மா வீட்டை ஒட்டித்தான் இருக்கு."

அந்தப் பேச்சியம்மாவும் அவர் கணவர் கருப்பையாவும்தான் பக்கத்து நிலக்காரர்கள். சிறிய ஓட்டு வீடு, பின்னால் தகரம் போட்ட அடுப்படி, முன்னால் கத்தரியும் மல்லிகையும். எங்களைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். கருப்பையா அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க பாய், வாங்க தங்கச்சி" என்றார். குரலில் உற்சாகம் இல்லை. ஆனால் பேச்சியம்மா பேசிய முதல் பேச்சிலேயே சலீமின் ஒத்திகை மொத்தமும் கலைந்தது.

"பாய், உங்களுக்குன்னு ஒரு சேவல் புடிச்சு வச்சிருக்கேன். நீங்களே அறுத்துக் குடுத்துருங்க. நான் அறுத்தா நீங்க சாப்பிட மாட்டீங்கள்ல."

சலீம் வாழ்நாளில் கொசுவைத் தவிர எதையும் கொன்றதில்லை. பிஸ்மி சொல்லிக் கையை நீட்டியதும் சேவல் ஒரு துள்ளு துள்ளியது. அவர் விட்டுவிட்டார். அது கருவேலங்காட்டுக்குள் ஓடியே போனது. "பரவாயில்ல பாய், முட்டை இருக்கு" என்று பேச்சியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பத்தரைக்கு சர்வேயர் வந்தார். நிலத்தின் அளவுகள் குறித்த புலப்படத்தை விரித்து, ஆட்டுக்கிடைக்கு அடியில் புதைந்திருந்த ஒரு பழைய எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்து, அதிலிருந்து டேப்பை இழுத்தார். டேப் நேராக வந்து வீட்டுச் சுவரில் முட்டியது. அவர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அளந்துவிட்டு என்னிடம் திரும்பினார். "அம்மா, இந்த வீட்டுல பின்பக்கம் ஒன்பது அடி உங்க இடத்துல இருக்கு."

கரண்டியோடு வெளியே வந்த பேச்சியம்மா கேட்டார்: "அப்ப என் அடுப்படி அக்கா இடத்துலயா இருக்கு?" கருப்பையா அண்ணன் தரையைப் பார்த்தபடி, "கட்டும்போது வேலியப் பாத்துத்தான் தங்கச்சி கட்டுனேன். வேணும்னு செய்யல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஃபைலில் இருந்த அத்தனை காகிதமும் என் பக்கம்தான் பேசியது. ஆனால் அடுப்பில் எங்களுக்காக முட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

சர்வேயர் அதே எல்லையோரமாகக் கிழக்குப் பக்கம் போய் அளந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு சத்தம்: "அம்மா, கெணறு உங்களோடதுன்னா சொன்னீங்க?"

கிணறு முழுதாகக் கருப்பையா அண்ணன் நிலத்தில் இருந்தது. அத்தா எல்லை தாண்டி வெட்டியிருக்கிறார்.

முதலில் சிரித்தது பேச்சியம்மாதான். "நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து பாய் கெணறு, பாய் கெணறுன்னு சொல்லிச் சொல்லில்ல தண்ணி எறைச்சேன்! மோட்டார் போடக்கூட உங்க அத்தாகிட்டப் போன்ல கேட்டுத்தானக்கா போட்டோம்!" கருப்பையா அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நீங்க அவங்க அடுப்படிய எடுத்துக்கங்க. அவங்க உங்க கெணத்த எடுத்துக்கட்டும். சண்டையை ஆரம்பிங்க, நான் சாப்பிட்டு வாரேன்" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டேதான் பேசினோம். சலீம் ஒரு தாளில் படம் போட்டார். அடுப்படி நிற்கும் துண்டும் கிணறு இருக்கும் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மாற்றிக்கொண்டால் போதும், இதற்குப் பரிவர்த்தனைப் பத்திரம் என்றே பெயர் இருக்கிறது என்றார் சர்வேயர். எல்லாரும் தலையாட்டினோம். பேச்சியம்மா மட்டும் ஆட்டவில்லை.

"அக்கா, கெணறு உங்க பேருக்கு வரட்டும். நீங்க எங்களுக்குத் தண்ணி விடுவீங்க. நாளைக்கு வித்துட்டுப் போனா, வாங்குறவன் விடுவானா? அம்புட்டுப் பயிரும் இதுல பாயுறதுதான்."

அதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. சட்டப்படி கிணறு அந்த நிமிடம் அவர்களுடையது. "பாதிப் பாதியா எழுதிருவமா? ரெண்டு பேருக்கும் பொதுக் கெணறு. யார் வித்தாலும் பாதிதான் விக்கலாம்" என்றேன். பேச்சியம்மா என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மாலை 4.20 மினிபஸ்ஸில் திரும்பும்போது புரோக்கருக்குப் போன் செய்தேன். பொதுக் கிணறு என்றதும், "பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றவர் அதன்பிறகு சொல்லவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு வருத்தமே வரவில்லை. தம்பியின் கடையை நினைத்தும் பொறாமை வரவில்லை. கருவேலத்தை வெட்டிவிட்டு இந்த ஆடியில் சோளம் போடலாம், விளைச்சலில் ஆளுக்குப் பாதி வாரம் என்று கருப்பையா அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துத் திருமங்கலத்தில் பத்திரம் பதிந்தோம். அடுப்படித் துண்டை மனைவி பேரில் எழுதச் சொன்னார் கருப்பையா அண்ணன். எம்புட்டு இடம் வாங்குகிறீர்கள் என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, பேச்சியம்மா கையை விரித்து அடுப்புக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு என்று காட்டினார்.

போகிறவர்கள் கவனத்துக்கு: மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் நான்கின் நகலும் கையில் இருக்கட்டும். மழைக்குப் பின் கரிசலில் இறங்கினால் பழைய செருப்பு போதும். வெயிலுக்கு முன் அளவு முடியும்படி சர்வேயரிடம் பேசிக்கொள்ளுங்கள். கடைசி மினிபஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். பத்திரம் பதிந்ததோடு வேலை முடியாது. உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும். எங்களுடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோட்டீஸ் போகும் நாளில் பக்கத்து நிலக்காரருக்கு நீங்களே ஒரு போன் செய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை. பதிவு முடிந்து டீ குடிக்கும்போதுதான் பேச்சியம்மா சொன்னார்: "நோட்டீசைப் பாத்ததுலருந்து இவரு சரியாச் சாப்பிடலக்கா. வீட்டை இடிக்க வாராங்கன்னே நெனச்சோம். அதான் சேவலப் புடிச்சு வச்சேன்."