கண்ணாடிக் கடைக்காரரின் பதினைந்து

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரை வீட்டில் சர்வரோக நிவாரணி, சுருக்கமாகச் சர்வரோகம் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. தனக்கு ஒத்துக்கொண்டது ஊருக்கே ஒத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் வீட்டிலுள்ள தலையணைகள் எல்லாம் பரணுக்குப் போய்விடும். இத்தனைக்கும் கடையில் மனிதர் தங்கம். வந்தவர் கண்ணைப் பொறுமையாகச் சோதிக்காமல் ஒரு லென்ஸைத் தொடமாட்டார்.

அவருடைய பழைய லேப்டாப்புக்கு ஒரு வியாதி இருந்தது. மூடினால் தூங்கும், திறந்தால் எழுந்திருக்காது. அதனோடு மல்லுக்கட்டி, அது தூங்கும்போதும் விழிக்கும்போதும் தானாக ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார். விழித்ததும் திரை வெளிச்சத்தைப் பதினைந்தில் வை என்பது அதில் ஒரு கட்டளை. அவர் லேப்டாப்பில் பதினைந்துதான் உச்சம். அந்தக் கும்பகர்ணன் எழுந்துவிட்டான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே மச்சினியின் புது லேப்டாப்பிலும் அதைப் போட்டுவிட்டார். அதில் வெளிச்சத்தின் உச்சம் பல ஆயிரம் என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை.

மச்சினிக்கு அன்று வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் போனில் குறை கேட்கும் வேலை. போன வருஷம் முழுக்கக் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டதால் இதை மலைபோல் நம்பியிருந்தாள். அழைப்பில் இணைந்து காத்திருந்தபோது பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கத் தொடங்கினார்கள். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். திறந்தால் திரை கும்மிருட்டு.

"அத்தான், இதுல என்ன பண்ணி வச்சீங்க?"

சர்வரோகம் டார்ச்சும் கையுமாக ஓடிவந்து திரைமேல் வெளிச்சம் அடித்தார். உள்ளே ஏதோ நிழலாடியது.

"பதறாத. கேமராவும் மைக்கும் செத்திருக்கும். என்னோடதுல அப்படித்தான்."

"இது உங்களோடது இல்லயே, அத்தான்."

அவள் விரல் வெளிச்சத்தைக் கூட்டும் விசைப் பக்கம் போனது.

"ஐயையோ, அத மட்டும் தொடாத. அப்படியே நின்னுடும்."

"எது நின்னுடும்?"

"என்னோடது."

அவள் குரல் உயரவில்லை. "சரி அத்தான். நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. இப்ப டார்ச்ச கீழ வைங்க. கீபோர்டுலேர்ந்து முழங்கைய எடுங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் ஒரே ஒரு விசைய அமுக்கப்போறேன், நீங்க பாத்துட்டு மட்டும் இருங்க."

அமுக்கினாள். வெளிச்சம் மெல்ல ஏறியது. திரையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுந்த அழைப்பு எப்போதோ தானாக மறுபடி இணைந்திருந்தது. என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

"தப்பா நினைக்காதம்மா," என்றார் நடுவில் இருந்த அம்மாள். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பதறுற ஆளுங்கள எப்படிச் சமாளிப்பன்னு கேக்கலாம்னு இருந்தோம். இனிமே கேக்க என்ன இருக்கு? திங்கக்கிழமை வந்து சேந்துடு."

அழைப்பு முடிந்ததும் சர்வரோகம் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா, என் ஸ்கிரிப்ட் மட்டும் இல்லன்னா..."

"அத்தான், கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் உங்க கண்ணாடியக் கழட்டித்தான் மாட்டி விடுறீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. அவர் அவளுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, பதினைந்து என்று எழுதியிருந்த வரியைத் தேடிப்பிடித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உன்னோடதுல எவ்வளவு?"